பிரியந்தி மாற்றிச் சொன்னது

லிந்துலைக்கு மேலே ஒத்தப்பாலம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தை எட்டு வருடமாகப் பார்த்து வந்தவள் பிரியந்தி. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளும், பள்ளிக்கூடம் சேரும் வயது வராத பிள்ளைகளும் அவள் பொறுப்பு. பால் காய்ச்சுவாள், தூங்கவைப்பாள், மூக்குத் துடைத்துவிடுவாள், பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள். அந்தத் தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளில் அவள் மடியில் தூங்காத பிள்ளை என்று ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெரியவர்கள்கூட அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவளுக்கு இங்கிலீஷும் தெரியும். அது புத்தகத்தில் படித்த இங்கிலீஷ் அல்ல. கலியாணத்துக்கு முன்னால் ஐந்து வருடம் நுவரெலியாவில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு சின்ன விடுதியில் வேலை பார்த்தாள். சுடுதண்ணீர் எந்தக் குழாயில் வரும், ரயில் எத்தனை மணிக்கு, இன்னொரு கம்பளி வேண்டுமா என்று கேட்டுக் கேட்டே வாயில் ஏறிய பாஷை அது.

புருஷன் ஜெயகாந்தனுக்குக் கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வருவான். ஒரே மகள் சுலக்ஷனா. ஒன்பது வயது. இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு, ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளை.

போன கார்த்திகையில் மழை பிடித்தது. மலையில் மழை புதிதில்லை. ஆனால் அந்த மழை மூச்சுவிடாமல் பெய்தது. இரண்டாம் நாள் கரண்டு போனது. மூன்றாம் நாள் பஸ் நின்றது. நாலாம் நாள் மத்தியானம், ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கீழ் லயத்து வரிசை வீடுகளில் தண்ணீர் ஏறிவிட்டது என்று கைக்குழந்தைக்காரிகள் எல்லாரும் பிள்ளைமடுவத்துக்கு வந்துவிட்டார்கள். பாலுக்கும் அடுப்புக்கும் ஆள் வேண்டும். பிரியந்தி கிளம்பினாள். ஓடையைத் தாண்டித்தான் போக வேண்டும். கணுக்காலுக்கு வருகிற தண்ணீர் அன்றைக்கு இடுப்புக்கு வந்திருந்தது. பெரியவர்களே கயிற்றைப் பிடித்துத்தான் கடந்தார்கள். அதில் மகளைக் கூட்டிப் போக அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"நான் வர்ற வரைக்கும் வாசப்படியத் தாண்டக் கூடாது. யாரு கூப்புட்டாலும் போகாத. வெளங்குதா?"

"சரிம்மா."

கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று மணி இருக்கும். பிரியந்தியின் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருப்பதை யாரோ பார்த்திருக்கிறார்கள். எல்லாரும் கோயிலுக்குப் போங்கள் என்று தோட்டத் தலைவர் சத்தம் போட்டுக்கொண்டே ஓடினார். ஜனங்கள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பிரியந்தி குடியிருந்த காம்பராக் கதவு சாத்தியிருந்ததைப் பார்த்தவர்கள், பிள்ளை தாயோடு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். அரை மணி நேரம்கூடப் போகவில்லை. மலை வந்துவிட்டது. லயத்தின் கடைசி நாலு காம்பராக்களையும் அள்ளிக்கொண்டு ஓடை வரைக்கும் போய்த்தான் நின்றது. ஏழு பேர் போய்விட்டார்கள். சுலக்ஷனாவை மூன்றாம் நாள் எடுத்தார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "மலையே வந்து விழுந்தா யாரு என்ன பண்ண முடியும் டீச்சர்? வீட்டுக்குள்ளதானே இருந்திச்சு புள்ள. நீங்க என்ன செய்வீங்க?" பிரியந்தி தலையை ஆட்டினாள். மகளிடம் தான் கடைசியாகச் சொன்ன வார்த்தைகளை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஜெயகாந்தனிடமும் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை. காரியம் முடிந்த மறுவாரம் அவன் கொழும்புக்குப் போய்விட்டான்.

வீடிழந்த முப்பத்தெட்டுக் குடும்பங்களைக் கீழே ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு மைதானத்தில் தறப்பாள் கூடாரம் போட்டு வைத்தார்கள். பிள்ளைமடுவத்தைப் பூட்டிவிட்டார்கள். அது இருந்த சரிவும் ஆபத்து என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். பிரியந்திக்குச் செய்ய வேலை ஒன்றும் இல்லை. கூடாரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள். யாராவது தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தால் ஆறிப்போன பிறகு குடிப்பாள்.

தை மாதத்தில் எலினா வந்தாள். பின்லாந்திலிருந்து வந்தவள், முப்பது வயதுக்குள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறாளாம். லீவு போட்டுவிட்டு, சொந்தச் செலவில் ஆறு வாரத்துக்கு வந்திருந்தாள். பெரிய பை நிறையப் பெஸ்டல் கலர்க்குச்சி, டிமை வரைதாள். பின்னேரங்களில் வகுப்பறை ஒன்றைத் திறந்துவிடச் சொல்லி, முகாமின் சின்னப் பிள்ளைகளை வைத்துப் படம் வரையவைக்க வேண்டும், மனதில் இருப்பதை வாயால் சொல்ல முடியாத பிள்ளைகள் கையால் சொல்வார்கள் என்பது அவள் எண்ணம். ஆனால் அவளுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது.

தலைவர் பிரியந்தியின் கூடாரத்துக்கு வந்தார். "டீச்சர், அந்தப் புள்ள பேசுறது இங்க ஒருத்தருக்கும் வெளங்கல. நீங்க பக்கத்துல நின்னாலே போதும். ஒங்களக் கஷ்டப்படுத்தணும்னு கேக்கல."

முடியாது என்று சொல்வதற்குத்தான் எழுந்தாள். ஆனால் எழுந்தவள் அப்படியே அவர் பின்னால் நடந்துவிட்டாள். கூடாரத்துக்குள் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

முதல் நாள் இருபத்திரண்டு பிள்ளைகளும் ஒரே படத்தை வரைந்தார்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், பக்கத்தில் ஒரு தென்னை மரம், ஓட்டு வீடு. தென்னை மரத்தை நேரில் பார்த்திராத பிள்ளைகள்கூட அதைத்தான் வரைந்தார்கள். சித்திரப் பாடப் பரீட்சையில் புள்ளி வாங்க வரைகிற படம் அது. எலினா அழகாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை, சரியில்லை என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் தரையில் உட்கார்ந்து, "இதைப் பற்றிச் சொல்" என்று மட்டும் கேட்டாள். பிரியந்தி அதைத் தமிழில் சொன்னாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

நாலைந்து நாளில் தென்னை மரங்கள் குறைந்தன. ஒரு சின்னப் பையன் தாள் முழுக்கக் காவி நிறத்தை அப்பிவிட்டு, "இது எங்க வீடு" என்றான். பிரியந்தி அதை இங்கிலீஷில் சொன்னாள். இன்னொரு பிள்ளை தன் மாமாவுக்கு நீண்ட கை வரைந்தது. ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டதற்கு, "தோண்டுறதுக்கு" என்றது. அதையும் பிரியந்தி சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் ஒரே மாதிரி இருந்தது. விடுதியில் சுடுதண்ணீர் எந்தக் குழாயில் வரும் என்று சொன்ன அதே குரல். எலினா எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

தனுஷிகா என்றொரு பிள்ளை இருந்தாள். எட்டு வயது. அதே லயத்தில் நாலு காம்பரா தள்ளி இருந்தவள். சுலக்ஷனாவும் அவளும் ஒரே குடைக்குள் பள்ளிக்கூடம் போய் வந்தவர்கள். மண் சரிந்த நாளிலிருந்து அவள் அதிகம் பேசுவதில்லை. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, தாளைக் கையால் மறைத்துக்கொண்டு வரைவாள். மூன்று நாள் ஒரே படம். கம்பி போட்ட ஒரு ஜன்னல். உள்ளே இரட்டைப் பின்னல் போட்ட ஒரு முகம். வெளியே குடை பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை. நடுவில் நீட்டு நீட்டாக மழை.

பிரியந்திக்கு அந்தப் பின்னலைப் பார்த்ததுமே தெரிந்தது. பார்க்காத மாதிரி மற்றப் பிள்ளைகள் பக்கம் போய்விட்டாள்.

நாலாம் நாள் எலினா தனுஷிகாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து பிரியந்தியைக் கூப்பிட்டாள். வேறு வழி இல்லை. வந்து உட்கார்ந்தாள்.

"இதப் பத்திச் சொல்றியா?" என்று கேட்டாள்.

தனுஷிகா எலினாவைப் பார்க்கவில்லை. பிரியந்தியின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நான் கூப்புட்டேன் டீச்சர். எல்லாரும் கோயிலுக்குப் போறாங்க, வான்னு கூப்புட்டேன். சுலா வரமாட்டேன்னுட்டா. அம்மா சொல்லியிருக்காங்க, யாரு கூப்புட்டாலும் வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கன்னா. நான் ஜன்னலுக்குள்ள கையவிட்டு இழுத்தேன். அவ அழுதா. அப்பறம் சத்தம் கேட்டிச்சு. நான் கைய விட்டுட்டு ஓடிட்டேன்."

எலினா பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிள்ளை இவ்வளவு பேசியதே அவளுக்குச் சந்தோஷம். "என்ன சொல்கிறாள்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மழை பெய்கிறதாம்," என்றாள் பிரியந்தி இங்கிலீஷில். "இரண்டு பேரும் விளையாடுகிறார்களாம்."

எலினா அதை எழுதிக்கொண்டாள்.

தனுஷிகாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் தான் அத்தனை வார்த்தை சொன்னதற்கு டீச்சர் இரண்டே வார்த்தை சொன்னதையும், தன் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனதையும் அவள் பார்த்தாள்.

அன்றைக்குப் பிறகு பிரியந்தி அந்த ஜன்னல் பக்கம் போகவில்லை. கதவுப் பக்கத்துப் பிள்ளைகளோடேயே நின்றாள். உண்மையில் அவளுக்கு அந்தப் பிள்ளை மேல் கோபம் இல்லை. அந்தப் பிள்ளை வாய் திறந்தால் மகளுடைய குரல் வெளியே வரும், அதுதான் பயம். யாரும் கூப்பிடாமல், ஒன்றும் தெரியாமல் மகள் தூக்கத்திலே போயிருப்பாள் என்று அவள் தனக்குத் தானே சொல்லி வைத்திருந்தாள். இரண்டு மாதம் அதை வைத்துத்தான் காலம் தள்ளினாள். இப்போது அது இல்லை. மகளுக்குப் போக வழி இருந்திருக்கிறது. கூப்பிட ஆள் வந்திருக்கிறது. கையைப் பிடித்து இழுத்திருக்கிறது. தாய் சொல்லை மீறக் கூடாது என்று அழுதுகொண்டே நின்றிருக்கிறாள்.

தனுஷிகா படம் வரைய வருவதை நிறுத்திவிட்டாள். எலினா இரண்டு தடவை விசாரித்தாள். காய்ச்சலாம் என்று பிரியந்தி சொன்னாள். அதுவும் பொய்தான்.

அடுத்த சனிக்கிழமை காலையில் தனுஷிகாவின் தாய் நாகலெட்சுமி கூடாரத்துக்கு வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"டீச்சர், தப்பா நெனைச்சுக்காதீங்க. புள்ள நாலு நாளா சோறு திங்க மாட்டேங்குது. நேத்து ரொம்ப அதட்டிக் கேட்டேன். டீச்சர் எங்கூடப் பேச மாட்டேங்குறாங்க, நான்தான் சுலாவ விட்டுட்டு ஓடியாந்தேன், அதான் அவங்களுக்குக் கோவம்னு அழுவுது. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அது என்ன டீச்சர் கத?"

கைக்குழந்தை பிரியந்தியைப் பார்த்துச் சிரித்து, அடையாளம் கண்டுகொண்டு கையை நீட்டியது.

"புள்ளயக் கூட்டிக்கிட்டு வாங்க," என்றாள்.

நாகலெட்சுமி கூட்டிக்கொண்டு வந்தாள். தனுஷிகா தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். முகம் வாடிப்போய் இருந்தது. பிரியந்தி பாயிலிருந்து எழுந்து போய் அவள் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள்.

"தனு, இங்க பாரு. ஒம் மேல ஒரு தப்பும் இல்ல. போகாதன்னு சொன்னது நான். வாசப்படியத் தாண்டாத, யாரு கூப்புட்டாலும் போகாதன்னு நான்தான் சொல்லிட்டுப் போனேன். நான் சொன்னதத்தான் அவ கேட்டா. அந்த லயத்துல அவ்வளவு பேரு இருந்தாங்க. அவளக் கூப்புட்டது நீ ஒருத்திதான்."

"கைய விட்டுட்டேன் டீச்சர்."

"விடாம இருந்தா நீயும் போயிருப்ப. நீ ஓடுனது சரி. வெளங்குதா? ஓடுனது சரி."

பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கேட்டது: "அப்ப டீச்சருக்கு யாரு மேல கோவம்?"

பிரியந்தி பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். மண் சரிந்த நாளிலிருந்து மற்றவர்கள் முன்னால் அழாதவள் அன்றைக்குத்தான் சத்தம் போட்டு அழுதாள். பக்கத்துக் கூடாரங்களிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நாகலெட்சுமியும் அழுதாள்.

பிரியந்தி நிமிர்ந்து பார்த்தபோதுதான், நாகலெட்சுமிக்குப் பின்னால் ஜெயகாந்தன் நிற்பது தெரிந்தது. காலைப் பஸ்ஸில் வந்திருக்கிறான். தோளில் பை, கையில் ஒரு பாண் ரொட்டிப் பார்சல். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது. ஆனால் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

நாகலெட்சுமி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன பிறகு அவன் உள்ளே வந்து பாணை வைத்தான். மத்தியானம் வரைக்கும் மைதானத்து ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போகிறவன், அன்றைக்கு மூன்று மணிப் பஸ்ஸுக்கே பையை எடுத்தான்.

"நாளைக்குக் கடையில ஆளில்லையாம்," என்றான்.

"என்னங்க..."

"போயிட்டு ஃபோன் எடுக்குறேன்."

அவன் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து எடுத்துப் பேசியபோதும், சாப்பிட்டாயா, மழையா என்பதோடு வைத்துவிட்டான். மாசி மாதம் அவன் வரவே இல்லை.

திங்கட்கிழமை பிரியந்தி எலினாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எலினாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிரியந்திக்கு ஒரு மகள் இருந்தாள் என்பதே அவளுக்குத் தெரியாது. அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லுகிற பாஷை தெரிந்தவள் பிரியந்தி மட்டும்தான். விளங்கியதும் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். தேதி போட்டு, மழை, விளையாட்டு என்று எழுதியிருந்தது. அந்தப் படத்தைக் கைத்தொலைபேசியில் பிடித்து, 'மழையில் விளையாடும் தோழிகள்' என்று போட்டுத் தன் ஊருக்கு அனுப்பியிருந்தாள். பலருக்குப் பிடித்திருந்ததாம். அதைச் சொல்லிவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"நான் உங்களை மூன்று வாரம் அவர்கள் பக்கத்தில் உட்காரவைத்தேன்," என்றாள். "ஒரு தடவைகூட உங்களைக் கேட்கவில்லை."

"நீங்கள் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்," என்றாள் பிரியந்தி.

எலினா தயங்கித் தயங்கி ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். விரும்பினால் நீங்களும் வரையலாம் என்றாள். பிரியந்தி அதைத் திருப்பி நகர்த்தினாள்.

"எனக்கு வேண்டாம்," என்றாள். "பிள்ளைகளுக்கு வையுங்கள். தாள் குறைந்துகொண்டு வருகிறது."

தனுஷிகா திரும்ப வந்தாள். வந்த உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. சோறு தின்றாள். ஒரு நாள் தாள் முழுக்கக் கறுப்பு அடித்தாள். இன்னொரு நாள் நாயை வரைந்தாள். சில நாட்களில் ஒன்றும் வரையாமல் பிரியந்தியின் சேலை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். இப்போது பிரியந்தி எதையும் மாற்றிச் சொல்லவில்லை. பிள்ளைகள் சொன்னதை அப்படியே சொன்னாள். சொல்ல முடியாத இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மீண்டும் சொன்னாள். எலினா காத்திருந்தாள்.

ஆறு வாரம் முடிந்து எலினா தலவாக்கலையில் ரயில் ஏறினாள். மிச்சப் பெஸ்டலையும் தாளையும் பிரியந்தியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நாள் அடிக்கடி செய்தி அனுப்பினாள். பனி கொட்டுகிற படம் அனுப்பினாள். பிறகு குறைந்துவிட்டது. அவளுக்கும் பள்ளிக்கூடம் தொடங்கியிருக்கும். பிரியந்தி சனிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பார்த்தாள். சில குடும்பங்கள் வாடகை வீட்டுக்கும் உறவுக்காரர் தோட்டங்களுக்கும் போய்விட்டதால் பிள்ளைகள் பாதியாகிவிட்டார்கள். காவி நிறப் பெஸ்டல் எல்லாவற்றிலும் முதலில் தீர்ந்துபோனது.

சித்திரை வருடப் பிறப்புக்கு ஜெயகாந்தன் வந்தான். அந்த வருடம் அவர்களுக்குக் கொண்டாட்டம் இல்லை. மறுநாள் காலையில், "அங்க போய்ப் பாத்துட்டு வருவமா?" என்று அவனாகவே கேட்டான். இருவரும் பஸ்ஸில் போய் இறங்கி மேலே நடந்தார்கள்.

லயத்தில் மிச்சமிருந்த காம்பராக்களின் தகரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சரிந்த மண்ணில் புல் முளைத்திருந்தது. ஒரு கல்லில் உட்கார்ந்தார்கள்.

"அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம் நீ," என்றான் அவன்.

"சொன்னா நீங்க என்னத் திரும்பிப் பாக்க மாட்டீங்கன்னு பயம். நீங்களும் பாக்கலதானே."

ஜெயகாந்தன் தலையைக் குனிந்துகொண்டான். "ஒம் மேல கோவம்னா நெனைச்ச? அன்னைக்கு மத்தியானம், நீ போனதுக்கப்பறம், வீட்டுல இருந்த ஃபோனுக்கு எடுத்தேன். பயமா இருக்கு, பக்கத்து வீட்டுக்குப் போகவான்னு சுலா கேட்டா. அம்மா சொன்னதக் கேட்டுக்கிட்டு அங்கயே இருன்னேன். அதச் சொல்ல எனக்கு வாய் வரல. நீ அந்தப் புள்ளகிட்ட சொன்ன மாதிரி சொல்ல எனக்கு வரல."

பிரியந்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதலாக ஒன்றும் இல்லை. மகளிடம் இரண்டு பேரும் ஒன்றையே சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான். ஆனால் நாலரை மாதம் தனியாகச் சுமந்ததை இப்போது பக்கத்தில் இருக்கிறவனும் சுமக்கிறான்.

போவதற்கு முன்னால், தங்கள் காம்பரா இருந்த இடத்தில் ஒரு பூ வைக்கலாம் என்று எழுந்தார்கள். இடம்தான் தெரியவில்லை. அந்தப் பாறைக்கு நேரே என்றான் அவன். இல்லை, இன்னும் கீழே, தண்ணிக் குழாய் இருந்த பக்கம் என்றாள் அவள். குழாய் எங்கே இருந்தது என்று இருவருக்கும் நிச்சயமில்லை. அவன் இந்தப் பக்கமும் அவள் அந்தப் பக்கமுமாக நடந்து, காலால் புல்லை விலக்கி, அடித்தளச் சிமெந்து எங்கேயாவது தட்டுப்படுகிறதா என்று பார்த்தார்கள். ஒரு இடத்தில் சிமெந்துத் துண்டு கிடந்தது. அது யாருடைய வீட்டுத் துண்டு என்று சொல்ல முடியவில்லை.

கீழே பாதையில் பஸ் ஹோர்ன் அடித்தது. அதை விட்டால் அடுத்தது பின்னேரம்தான். பூவை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து, அவன் சொன்ன இடத்தில் கொஞ்சமும் அவள் சொன்ன இடத்தில் கொஞ்சமும் வைத்துவிட்டு இறங்கினார்கள்.